எட்டுக்குப் பிறகு பதினாலு

ஒன்பது பேர் மட்டும் வந்த நாளிலும் அவர் "பதினாலு" என்றுதான் சொல்வார்.

முன்னால் போகும் முருகவேல் சார் "ஒண்ணு" என்று குரல் கொடுப்பார். சுரங்கத்தில் பொறியாளர் அவர், எங்கள் சைக்கிள் குழுவைத் தொடங்கியவரும் அவர்தான். அங்கிருந்து ரெண்டு, மூணு என்று குரல்கள் வரிசையாகப் பின்னோக்கி வரும். நான் "எட்டு" என்பேன். உடனே என் முதுகுக்குப் பின்னாலிருந்து, எப்போதும் சளி பிடித்தது போன்ற ஒரு மூக்குக் குரல், நடுவில் ஒரு இழுப்போடு "பதினா...லு" என்று முடித்து வைக்கும். முதல் குளிர்காலத்தில் நாங்கள் பதினாலு பேர் இருந்தோம், அவர் கடைசி ஆள். அப்புறம் இரண்டு பேருக்கு மாற்றல் வந்தது, ஒருவருக்கு முட்டிவலி வந்தது, ஒருவருக்குக் கார் வந்தது. ஆள் குறைந்துகொண்டே போனது. அவருடைய நம்பர் மட்டும் குறையவில்லை.

"போனவங்க திரும்பி வந்தா எங்க நிப்பாங்க டீச்சர்? அவங்க எடம் அப்பிடியே இருக்கட்டும்" என்பார்.

அவர் பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. ஒருமுறை அவருடைய குரலை எடுத்துக்கொண்டு நான் செய்த காரியம் போதும், பெயரையும் எடுத்துக்கொள்ள எனக்கு உரிமை இல்லை. குழுவில் எல்லோரும் அவரைப் பதினாலு அண்ணன் என்றே கூப்பிட்டோம். அவருக்கு அது பிடித்தும் இருந்தது.

நெய்வேலி மார்கழிப் பனியில் சைக்கிள் ஓட்டியவர்களுக்குத்தான் அந்த எண்ணிக்கையின் அருமை தெரியும். டவுன்ஷிப் எல்லையைத் தாண்டும்வரை தெருவிளக்கு இருக்கும். அதற்கப்பால் உங்கள் கைப்பிடி உங்களுக்குத் தெரிந்தால் பெரிய விஷயம். எதிரே லாரி வந்தால் வெளிச்சம் மட்டும் அகலமாக வரும், லாரி எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க முடியாது. அதனால் ஒவ்வொரு லாரி கடந்ததும் எண்ண வேண்டும் என்பது விதி. ஒரு நம்பர் வராவிட்டால் எல்லோரும் அதே இடத்தில் காலை ஊன்ற வேண்டும். விதியைப் போட்டவர் முருகவேல் சார் என்று புதியவர்கள் நினைப்பார்கள். போட்டது பதினாலு அண்ணன்.

சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் பராமரிப்பில் இருந்தவர். பெல்ட்டை நிறுத்தி வேலை செய்யும்போது உள்ளே இறங்குகிற ஒவ்வொருவரும் தன் பெயர் எழுதிய டேக்கை சுவிட்சில் மாட்டிவிட்டுத்தான் இறங்க வேண்டும். வெளியே வந்ததும் அவரவர் டேக்கை அவரவர்தான் கழற்ற வேண்டும். கடைசி டேக் கழன்றபிறகுதான் பெல்ட் ஓடும்.

"பெரிய ஆபீசரே வந்து நின்னாலும் அடுத்தவன் டேக்கத் தொடக் கூடாது டீச்சர். 'அவன் அப்பவே வெளிய வந்துட்டான், நான் பாத்தேன்'னு ஒருத்தன் சொல்லுவான். அத நம்பி சுவிட்சப் போட்டா, வூட்டுக்கு யாரு பதில் சொல்றது?"

முப்பது வருட வேலை அவருக்குள் எப்படிப் புகுந்திருந்தது என்றால், வேலை இல்லாத இடத்திலும் எண்ணினார். ஒருமுறை பண்ருட்டியிலிருந்து பஸ்ஸில் வருகிறோம். வழியில் பஸ் நின்றபோது ஒரு அம்மாள் தண்ணீர் பாட்டில் வாங்க இறங்கினாள். பஸ் கிளம்பியது. இவர் எழுந்து நின்று கூரையைத் தட்டு தட்டென்று தட்டினார். கண்டக்டர் சண்டைக்கு வந்தார். அந்த அம்மாள் இறங்கியதே அங்கேதான், அவளுடைய ஊரே அதுதான் என்று ஜன்னலோரம் இருந்தவர் சொன்னார். பஸ் முழுக்கச் சிரிப்பு. இவர் அசரவில்லை. "எறங்குறவங்க சொல்லிட்டு எறங்கணும்" என்று உட்கார்ந்தார்.

எங்கள் குழு வெறும் தொப்பை குறைக்கிற குழுவாக இருந்ததை மாற்றியதும் அவர்தான். முதல் ஷிப்டுக்காக வடக்குத்துப் பக்கமிருந்து காண்டிராக்ட் தொழிலாளர்கள் இருட்டிலேயே சைக்கிளில் வருவார்கள். பாதி சைக்கிளுக்கு விளக்கு கிடையாது, முக்கால்வாசிக்கு பிரேக் கிடையாது. நாங்கள் ஐந்து மணிக்கே வடக்குத்து முனையில் நின்று, வருகிற சைக்கிள்களின் பின் மட்கார்டில் ஒளிரும் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டுவோம். காற்று அடிப்போம், பிரேக் கட்டையை இறுக்குவோம். அது முடிந்தபிறகுதான் எங்கள் சவாரி. முத்தாண்டிக்குப்பம் பக்கம் போய், முந்திரித் தோப்புகளுக்கு நடுவே காடாம்புலியூர் வரை. அங்கே டீ. அப்புறம் வீடு.

"ஷிப்டுக்கு நேரமாவுது, வுடுங்க" என்று நிற்காமல் போகிறவனையும் அவர் விடமாட்டார். கையில் ஸ்டிக்கரோடு சைக்கிளுக்குப் பின்னாலேயே ஓடுவார். ஓடிக்கொண்டே ஒட்டுவார். ஐம்பத்தொன்பது வயதில், லுங்கியும் ஸ்வெட்டரும் குரங்குக் குல்லாவுமாக அவர் ஓடுவதைப் பார்த்து நாங்கள் கைதட்டுவோம். கோணலாக ஒட்டியிருந்தால் அடுத்த வாரம் அதே ஆளைப் பிடித்து நேராக்குவார்.

இப்போது என்னைப் பற்றிச் சொல்ல வேண்டும். பள்ளியில் அறிவியல் நடத்துகிறேன். எனக்கு ஒரு கெட்ட திறமை உண்டு. யார் குரலையும் பிடித்துவிடுவேன். தலைமையாசிரியை பேசுகிற மாதிரி மாடிப்படியிலிருந்து பேசி, ஒரு வகுப்பையே எழுந்து நிற்க வைத்திருக்கிறேன். பதினாலு அண்ணனின் "பதினா...லு" எனக்கு இரண்டே வாரத்தில் வந்துவிட்டது. டீக்கடையில் சொல்லிக் காட்டினால் அவரே விழுந்து விழுந்து சிரிப்பார். "எனக்கே சந்தேகம் வருது, நான் இங்க இருக்கனா, அங்க இருக்கனா?"

அந்தத் திறமைக்கு வேலை கொடுத்தவரும் அவர்தான். சவாரியின் நடுவிலும் அவர் சும்மா வரமாட்டார். யாராவது சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனால் நின்றுவிடுவார். செயின் மாட்டிக் கொடுத்துவிட்டு மிதித்து வந்து சேர்ந்துகொள்வார். அதற்குள் ஒரு லாரி வரும், எண்ணிக்கை நடக்கும், பதினாலு வராது, எல்லோரும் நிற்பார்கள். முருகவேல் சார் கடிகாரத்தைப் பார்ப்பார். இரண்டு மூன்று தடவை இப்படி ஆனதும் அண்ணன் என்னிடம் வந்தார்.

"டீச்சர், நான் நிக்கும்போது உங்ககிட்ட சொல்லிட்டு நிக்கறேன். என் நம்பரையும் நீங்களே சொல்லிடுங்க. பாவம், கூதல்ல எல்லாரும் நின்னுகினு இருக்காங்க."

"அடுத்தவன் டேக்கத் தொடக் கூடாதுன்னு சொன்னது யாருண்ணே?"

"நான் நிக்கறேன்னு உங்களுக்குத் தெரியுதில்ல? தெரிஞ்சி சொன்னா தப்பில்ல."

அப்படித்தான் ஆரம்பித்தது. "நிக்கறேன் டீச்சர்" என்று பின்னாலிருந்து கேட்கும். லாரி போனதும் நான் எட்டும் சொல்வேன், அவர் குரலில் பதினாலும் சொல்வேன். வரிசை நிற்காமல் போகும். முன்னால் இருப்பவர்களுக்கு இது தெரியாது. எங்கள் இரண்டு பேருக்கும் இடையில் மட்டும் இருந்த ஒரு விளையாட்டு.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய ஞாயிறு அது. எட்டு மணிப் பூசைக்குப் போக வேண்டும், கேக்கு வேறு வாங்க வேண்டும் என்று அவர் அவசரத்தில் இருந்தார். வடக்குத்தில் வேலை முடித்து நாங்கள் ஒன்பது பேர் கிளம்பினோம். முத்தாண்டிக்குப்பம் தாண்டி, எதிர்த்திசையில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்த இரண்டு பேரைக் கடந்தோம். சற்று நேரத்தில் எதிரே செங்கல் லாரி ஒன்று முழு வெளிச்சத்தோடு வந்தது. ஹாரன் காதைக் கிழித்தது. இடது ஓரத்தில் ஒடுங்கினோம். போனது.

"ஒண்ணு!"

குரல்கள் வந்தன. நான் "எட்டு" என்றேன். பின்னால் பதில் இல்லை. "நிக்கறேன் டீச்சர்" என்றும் அவர் சொல்லியிருக்கவில்லை. அந்த இரண்டு பேருக்காக நின்றிருப்பார் என்று நினைத்தேன். நினைத்தேன், அவ்வளவுதான். எனக்குத் தெரியாது. காதை மூடி மப்ளர் சுற்றியிருந்தேன். கழுத்தைத் திருப்பினால் குளிர் உள்ளே புகும். திருப்பவில்லை. அவர் குரலில், அதே இழுப்போடு, "பதினா...லு" என்றேன்.

வரிசை போனது. எண்ணிக்கை வந்துகொண்டிருந்தபோதே தோப்புப் பக்கமிருந்து ஏதோ ஒரு சத்தம் கேட்ட மாதிரி இருந்தது. யாரோ யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று விட்டுவிட்டேன். அடுத்த லாரிக்கும் ஒருமுறை பதினாலு சொன்னேன்.

காடாம்புலியூரில் டீ வந்தது. "பதினாலு எங்க?" என்று கேட்டதற்கு, "யாருக்காவது செயின் மாட்டிக்கிட்டு இருப்பாரு" என்றேன். எல்லோரும் சிரித்தோம். இரண்டாவது டீயும் வந்தது. அது பாதி இறங்கும்போதுதான் எனக்கு உறைத்தது. பூசைக்கு நேரமாகிறது என்று பறந்தவர் இவ்வளவு நேரம் எங்கேயும் நிற்கமாட்டாரே.

திரும்பி வந்தோம். பனி கொஞ்சம் விலகியிருந்தது. முதலில் கேட்டது சைக்கிள் மணி. சாலையோரச் சிறுபாலத்தின் கட்டைச்சுவர் உடைந்து கிடந்த இடத்தில், கீழே வறண்ட வாய்க்காலில் கிடந்தார். லாரிக்கு ஒதுங்கியவர் நேராக அதில் இறங்கியிருக்கிறார். சைக்கிள் அவர் மேல் கிடந்தது. ஒரு கை மட்டும் மேலே எட்டி மணியை அடித்துக்கொண்டிருந்தது. இடுப்பெலும்பு முறிந்திருந்தது. உதடு சாம்பல் நிறமாக இருந்தது. கிட்டத்தட்ட நாற்பது நிமிடம் அங்கே கிடந்திருக்கிறார்.

ஆம்புலன்ஸுக்குக் காத்திருக்கும்போது முருகவேல் சார் குனிந்து கேட்டார். "அண்ணே, லாரி போனதும் எண்ணினோமே. நீங்க பதினாலு சொன்னீங்களே. எனக்கு நல்லாக் கேட்டுச்சே?"

நான் அவருடைய காலடியில் உட்கார்ந்திருந்தேன். என் மப்ளரைத்தான் அவருக்குப் போர்த்தியிருந்தேன். அவர் என்னைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்ததாக எனக்கு ஞாபகம், உண்மையில் ஒரு மூச்சு நேரம்தான் இருக்கும்.

"ஆமா சார். சொன்னேன். சொல்லிட்டு அதுக்கப்பறம்தான் வுயுந்தேன்."

அந்த ஒரு வாக்கியத்தை நான் எத்தனையோ விதமாகத் திருப்பித் திருப்பிப் பார்த்திருக்கிறேன். அப்போது எனக்கு வந்தது நிம்மதி. வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதுதான் வந்தது.

இரண்டு வாரம் கழித்து முருகவேல் சாரின் குவார்ட்டர்ஸில் கூடினோம். லாரி போய் எண்ணியும் முடித்தபிறகு, நேரான ரோட்டில், மனுஷன் தானாகவே போய் விழுந்திருக்கிறார் என்றால் அது கவனக்குறைவு இல்லாமல் வேறென்ன என்றார் அவர். வயசாயிடுச்சில்ல என்றார் ஒருவர். தூங்கி வழிந்திருப்பார், வடக்குத்தில் ஐந்து மணிக்கே ஓடுகிறாரே என்றார் இன்னொருவர். ஐம்பத்தைந்து வயதுக்கு மேற்பட்டவர்கள் கடைசியில் வரக் கூடாது என்று புது விதி வந்தது. ஸ்டிக்கர் வேலையை இந்த வருடத்துக்கு நிறுத்திவைக்கலாம் என்று முடிவானது. வாழ்நாள் முழுக்கக் கவனத்தைத் தவிர வேறெதையும் வைத்துக்கொள்ளாத மனிதர் அரை மணி நேரத்தில் கவனமில்லாத கிழவர் ஆனார். என் வாயில் பஜ்ஜி இருந்தது. முழுங்கிவிட்டு இன்னொன்று எடுத்தேன்.

அதைவிடக் கொடுமை ஒன்று நடந்தது. தை மாதத்து முதல் சவாரியில், எண்ணிக்கை எட்டில் முடிந்தபோது எல்லோருக்கும் வெறிச்சென்று இருந்தது. "டீச்சர், அண்ணன் ஞாபகமா நீங்க சொல்லுங்களேன்" என்றார் முருகவேல் சார். பாசத்தில்தான் கேட்டார். சொன்னேன். யாரோ "அச்சு அசல்" என்றார்கள். அப்புறம் ஒவ்வொரு ஞாயிறும் அதைச் சொல்ல வேண்டியதாகிவிட்டது.

மாதம் ஒருமுறை அவரைப் பார்க்கப் போவேன். சாத்துக்குடியோ ஆப்பிளோ வாங்கிக்கொண்டு போவேன். முதலில் கட்டிலில் இருந்தார், பிறகு வாக்கரில், பிறகு கம்போடு. அந்தக் கால் பிறகு நேராகவே இல்லை. ஓய்வு பெறும் நாளன்று மாலையோடு நிற்கக்கூட இரண்டு பேர் பிடிக்க வேண்டியிருந்தது. ஒவ்வொரு தடவையும் அதே கேள்விகள்தான். "ஞாயித்துக்கெழம போனீங்களா? எத்தினி பேரு? எண்ணினீங்களா?" நான் கிளம்பும்போது கதவுவரை வந்து, "வேற எதனா சேதி உண்டா டீச்சர்?" என்பார். "இல்லண்ணே" என்பேன். உபசாரமாகக் கேட்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். சில நாள் கோபம்கூட வந்தது. என்னைக் காப்பாற்று என்று நான் கேட்டேனா? அவர் பாட்டுக்கு ஒரு பொய்யைச் சொல்லி, என் வாயையும் சேர்த்து அடைத்துவிட்டார் என்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அவரைத் திட்டியிருக்கிறேன்.

கார்த்திகை கடைசியில் குவார்ட்டர்ஸைக் காலி செய்தார்கள். ஓசூரில் மகன் வீட்டுக்குப் போகிறார்கள். நான் போனபோது மினி லாரியில் சாமான் ஏறிக்கொண்டிருந்தது. அவர் டிரைவருக்குப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, கம்பை நீட்டி நீட்டி மூட்டைகளை எண்ணிக்கொண்டிருந்தார். நான் உள்ளே போனேன். அவர் மனைவி அமலி அக்கா காலியான சமையலறையைப் பெருக்கிக்கொண்டிருந்தார். மாதா படம் இருந்த இடத்தில் சுவர் மட்டும் வெளுப்பாக இருந்தது.

"இந்தாங்கக்கா" என்று பழப்பையை நீட்டினேன்.

அவர் வாங்கவில்லை. துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தார்.

"டீச்சர், கோச்சிக்காதீங்க. இனிமே நாம பாத்துக்கப் போறமோ இல்லியோ. இத மனசுல வச்சிகினு ஓசூருக்கு ஏற முடியல. அன்னிக்கு அவரு பதினாலு சொல்லல. எனக்குத் தெரியும்."

"அக்கா..."

"சொல்லி முடிச்சிடறேன். வுயுந்த ஒடனே அவரு கத்தினாரு. 'டீச்சர், டீச்சர்'னு. நீங்க எட்டு சொன்னது அவருக்குக் கேட்டுச்சாம். இன்னும் கொஞ்சம் பெருசாக் கத்தணும்னு மூச்சப் புடிச்சாராம். அப்ப அவரு கொரல்லயே பதினாலுன்னு கேட்டுச்சாம். அதுக்கப்பறம் கத்தவே இல்லியாம்."

"ஏன்க்கா?" என்றேன்.

"நானும் அதான் கேட்டேன். 'எண்ணி முடிச்சிட்டாங்க அமலி. எண்ணி முடிச்சப்பறம் யாரு திரும்பிப் பாப்பாங்க'ன்னாரு. வெடிய வெடிய முழிச்சிகினு கெடந்து ஆஸ்பத்திரியில சொன்னாரு. 'யார்கிட்டயும் சொல்லாத, அந்தப் பொண்ணு அதுவா வந்து சொல்லும்'னாரு. நீ ஒவ்வொரு தபா பழத்தத் தூக்கிகினு வரும்போதும் இன்னிக்குச் சொல்லுவ, இன்னிக்குச் சொல்லுவன்னு பாத்துகினே இருந்தாரு. ஒரு வருசமாச்சு."

அதுவரை எனக்கு மரியாதை கொடுத்துப் பேசியவர் எந்த இடத்தில் "நீ" என்று மாறினார் என்பது எனக்குத் தெரிந்தது. அவருக்குத் தெரிந்ததோ என்னவோ.

வெளியே வந்தேன். லாரி கிளம்பத் தயாராக இருந்தது. அமலி அக்கா ஏறி உட்கார்ந்தார். அண்ணன் ஜன்னல் வழியாகக் கம்பை உள்ளே இழுத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"பதினேழு மூட்ட, ஒரு பீரோ, ரெண்டு கட்டிலு. சரியா இருக்குது. வேற எதனா சேதி உண்டா டீச்சர்?"

எல்லாம் தெரிந்துதான் அவர் கேட்கிறார் என்று தெரிந்தும், "இல்லண்ணே, பத்திரமாப் போயிட்டு வாங்க" என்றேன். அவர் தலையாட்டினார். முகத்தில் கோபம் இல்லை. இருந்திருந்தால் தேவலை என்று இருந்தது.

அந்த ஞாயிறு குளிர்காலத்தின் முதல் சவாரி. நல்ல பனி. எட்டு பேர் வந்திருந்தார்கள். கடைசி ஆள் நான். முத்தாண்டிக்குப்பம் தாண்டியதும் லாரி ஒன்று வந்து, கடந்து போனது.

"ஒண்ணு!" என்றார் முருகவேல் சார்.

ரெண்டு, மூணு, நாலு என்று வந்தது. நான் "எட்டு" என்றேன். நிறுத்திக்கொண்டேன். எனக்குப் பின்னால் பனியும் ரோடும்தான் இருந்தன. இந்த முறை கழுத்தைத் திருப்பிப் பார்த்தேன்.

"டீச்சர்? பதினாலு எங்க?"

"இல்ல சார்" என்றேன், என் சொந்தக் குரலில்.

"என்ன இல்ல? கேக்கல."

முன்னால் பிரேக்குகள் ஒவ்வொன்றாகக் கிறீச்சிட்டன. நான் காலை ஊன்றி நின்றேன்.

"பதினாலு இல்ல சார். அன்னைக்கும் இல்ல. நான்தான் சொன்னேன்."